காதில் விழாத வரை

பழைய டெலிபோனை வேதவல்லி துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த மேஜையில் இப்போது கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன். நெட், டிவி, போன் மூன்றும் ஒரே கட்டணத்தில் வருகிறது, பழைய பில்லில் பாதிகூட இல்லை என்று ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர்களிடமெல்லாம் வேதவல்லி சொல்லி முடித்தாகிவிட்டது. நம்பர் மாறிப்போகும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கணவர் அழகியமணவாளன் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் முடிவு எடுக்கிறவள் அவள், தலையாட்டுகிறவர் அவர்.

பெட்டியை மாட்ட வந்த பிரிட்டோ போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தான். செல்லில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் வீட்டு நம்பருக்கு வருகிற போன் அதிலும் அடிக்கும், எங்கே இருந்தாலும் எடுக்கலாம். அப்பாவிடம் இருந்ததோ பட்டன் போன். அம்மாவின் செல்லில் பெருமாள் படங்களும் சமையல் வீடியோவும் போக இடமே மிச்சமில்லை. கடைசியில் அந்த ஆப் பிளஸ் ஒன் படிக்கிற மகள் அம்ருதாவின் செல்லில் ஏறியது. ஏற்றியதை அவள் மறந்தும் போனாள்.

இந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும்.

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் கோளாறு, விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் போனால் அந்தப் பெட்டி செத்துவிடும், ஹால் போனும் கூடவே செத்துவிடும். டியூஷன் முடிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த அம்ருதாவின் செல்லில்தான் அந்த வீட்டு நம்பர் அடித்தது.

"சித்தி?" என்றது ஒரு குரல். அழுது கம்மிப்போன குரல்.

"நான் அம்ருதா பேசறேன்."

பெரியப்பா மகள் வகுளா அக்கா. பாலக்கரையில் வாடகை வீட்டில், படுக்கையில் விழுந்த பெரியப்பாவை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். சின்னப் பெண்ணிடம் சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பாள் போல. அடக்கிப் பார்த்து முடியாமல் உடைந்துவிட்டாள்.

"அப்பா திருநாட்டுக்கு எழுந்தருளிட்டார்டி. விடிகார்த்தால."

பெரியப்பா போய்விட்டார். அம்ருதா சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். வகுளா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள்.

"முறை முடியற வரைக்கும் என் தம்பி காதுல போடாதே, அவன் நன்னா பண்ணி முடிக்கட்டும்னுதான் அப்பா சொல்லிட்டுப் போனார். நான் எப்படிடி சொல்லாம இருப்பேன்? எனக்கு அண்ணனா, தம்பியா? சித்தப்பாவை விட்டா யாருடி கொள்ளி வைப்பா?"

அந்த முறையைப் பற்றிப் புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் சன்னிதி. அங்கே புரட்டாசி மாத பூஜை இந்தக் குடும்பத்துக்கு உரியது. அண்ணனும் தம்பியும் பகிர்ந்து செய்ய வேண்டும். ஆனால் மெட்ராஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அழகியமணவாளன் ஊர் திரும்பி, முதல்முதலாகப் பூஜைக்கு வந்து நின்ற அன்று, அத்தனை பேர் எதிரில் அண்ணா கையை நீட்டித் தடுத்தார். கம்ப்யூட்டர் தட்டின கையால் பெருமாளைத் தொடாதே என்றார். தளிகைப் பாத்திரத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தவள் வேதவல்லி. அன்று முதல் இரண்டு பேர் முறையையும் அண்ணாவே செய்தார். அவர் படுத்துவிட்டதால் இந்தப் புரட்டாசிதான் முதல்முறையாகத் தம்பி கைக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவர்கள் வழக்கத்தில் சாவு நடந்த நேரத்துக்குக் கணக்கில்லை, அது காதில் விழுந்த நேரத்துக்குத்தான் கணக்கு. கேட்ட நொடியிலிருந்து பங்காளிக்கும் அவர் வீட்டாருக்கும் பத்து நாள் தீட்டு. சன்னிதிப் படி ஏறக்கூடாது, பெருமாளுக்கு ஆகிற எதையும் தொடக்கூடாது. நடுவில் விட்ட முறை அந்த வருஷம் திரும்பக் கைக்கு வராது. கேட்காதவரை ஒன்றுமில்லை.

அம்ருதா கேட்டுவிட்டாள். சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். ஒரு உயிர் போன துக்கத்தைவிட, அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு நடப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பெரியப்பாவை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அப்பாவிடம் சொன்னால் இந்தப் புரட்டாசி அவர் கையை விட்டுப் போகும். சொல்லாவிட்டால் பாலக்கரையில் ஒரு மனிதர் நெருப்புக்காகக் காத்துக் கிடப்பார்.

வீட்டில் புளியோதரை வாசனை. மாலை சன்னிதிக்குப் போக வேண்டிய தளிகை. மடிப்புடவையில் அடுப்படியில் நின்ற வேதவல்லி, திரும்பிப் பார்க்காமலே, குளித்துவிட்டு வந்து துளசியைத் தொடுத்து வைக்கச் சொன்னாள். கூடத்தில் ஈரத்துணிக்குள் துளசிக் குவியல்.

அம்ருதாவின் கை அதன் பக்கம் போகவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பயம், அவ்வளவுதான். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நான் தூரம்மா."

மாதவிலக்கு என்றால் யாரும் எதையும் தொடச் சொல்ல மாட்டார்கள், பின்கட்டில் தனியாக உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மகளின் நாட்களெல்லாம் அம்மாவின் விரல் நுனியில் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

வேதவல்லி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கையில் இறுக்கிப் பிடித்திருந்த செல்லைப் பார்த்தாள்.

"போன வாரந்தானேடி தலைக்குத் தீர்த்தமாடினே."

"அம்மா, பாலக்கரையிலேருந்து..."

"வாயைத் திறக்காதே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் அம்ருதாவைக் கலக்கியது. அம்மா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கார்த்தாலேருந்து என் செல்லுக்கு அவ அடிச்சுண்டேதான் இருக்கா. நான் எடுக்கலை. ஆஃப் பண்ணி அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். எடுக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. முறை ஆரம்பிச்சதும் உங்கப்பா பட்டன் போனும் பீரோக்குள்ள போயாச்சு, அவருக்கும் தெரியாது."

"பெரியப்பா ஒண்ணு சொல்லியிருக்கார்மா. அதையாவது கேளேன்."

"அந்த மனுஷன் சொன்னதை நான் நிறையக் கேட்டாச்சு."

பெரியப்பா சொன்னது என்ன என்று சொல்ல அம்ருதாவின் நாக்கு துடித்தது. அவன் நன்னா பண்ணி முடிக்கட்டும் என்றாராம். இத்தனை வருஷமாக அம்மா காத்திருந்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் தனியாகப் பிய்த்துக் கொடுக்க முடியாது. அதோடு சாவும் சேர்ந்து வரும்.

"இத்தனை வருஷம் முறையைத் தராம வெச்சிண்டிருந்தார்," என்றாள் வேதவல்லி. "போறப்பவும் கையோட எடுத்துண்டு போகணுமா?"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். போறப்ப என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது.

அம்ருதாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து இனிமேல் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டது ஆவணியில். அம்மா போனை மாற்றியதும் ஆவணியில்.

"அதுக்குத்தான் போனை மாத்தினியா?"

"காசு மிச்சம்னு மாத்தினேன். ஏன், மிச்சமாகலையா?"

அடுப்பில் நல்லெண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. வேதவல்லி திரும்பி அடுப்பைத் தணித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, நீ தூரம்னே இரு, யார் கேட்டாலும் அதையே சொல்லு, பின்கட்டுக்குப் போ என்றாள். மகள் சொன்ன பொய்யை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட மாதிரி இருந்தது.

உச்சிக்கால பூஜை முடிந்து அழகியமணவாளன் வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. கற்பூரப் புகையில் கண் சிவந்திருந்தாலும் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. சாத்துப்படி அலங்காரம் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் குடும்பத்தோடு வந்து, அடுத்த வருஷமும் நீங்களே பண்ணணும் சாமி என்று காலில் விழப் பார்த்தாராம். அம்ருதா பின்கட்டுத் தூணோரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. மனுஷர் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் இந்தக் குரலை என்று இருந்தது.

அப்புறம் அவர் குழந்தை எங்கே என்று கேட்டார். அம்மா பதில் சொன்னாள். பூஜைக்கு மடியாக இருப்பவர் தூரமானவளை நெருங்கக்கூடாது. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தார்.

"போன் ஏதாவது வந்துதா?"

அம்ருதா வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கார்த்தாலேருந்து கரண்டே இல்லை. போன் எங்கேருந்து வரும்?"

"பழைய போன் கரண்ட் இல்லேன்னாலும் அடிக்கும்," என்றார் அப்பா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

புது போன் வந்த மறுநாள் வாசல் கேட் பக்கம் நின்று, பட்டன் போனில் யாரிடமோ ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி அப்பா சொல்லிக்கொண்டிருந்ததை அம்ருதா பார்த்திருக்கிறாள். கோயில் விஷயம் என்று நினைத்திருந்தாள். வகுளா அக்காவுக்கு இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இப்போது புரிந்தது. அம்மா அடைத்த வழியை அப்பா சத்தமில்லாமல் திறந்து வைத்திருக்கிறார். அதில் என்ன வரும் என்று தெரிந்தேதான் திறந்திருக்கிறார்.

"அம்ருதா."

"என்னப்பா?"

அவர் அவளையே பார்த்தார். அவர் கண் கெஞ்சுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல் என்று கெஞ்சுகிறதா, சொல்லாதே என்று கெஞ்சுகிறதா என்றுதான் தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் இந்த நிமிர்வை, இந்தக் குரலை, முதல்முதலாக வந்த இந்த ஒரு புரட்டாசியை அந்த ஒரு வார்த்தை சாப்பிட்டுவிடும்.

"ஒண்ணுமில்லை. மோராவது குடி," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இலையில் சாதம் அப்படியே இருந்தது. பசியில்லை என்றாராம். வேதவல்லி ஏன் என்று கேட்கவில்லை. கிணற்றடியில் அவர் மறுபடி குளிக்கிற சத்தம் மட்டும் வாளி வாளியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தளிகைப் பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே சன்னிதிக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருக்கப் பயந்த மாதிரி.

அவர் போன கொஞ்ச நேரத்தில் செல் மறுபடி அடித்தது. அம்ருதா துளசி மாடத்துக்குப் பின்னால் போய் நின்று எடுத்தாள். வகுளாவின் குரலில் இப்போது அழுகை இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் அவசரப்படுத்துகிறாராம். வீட்டு ஓனர் வாசலிலேயே நின்றுகொண்டு எப்போது எடுப்பீர்கள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறாராம். சித்தப்பா கிளம்பிவிட்டாரா என்று கேட்டாள்.

"இன்னும் சொல்லலைக்கா."

"சொல்லலையா, சொல்ல விடலையா?"

அந்தப் பக்கம் வறண்ட ஒரு சிரிப்பு கேட்டது.

"சரி விடுடி. நீ குழந்தை, உன் தலையில ஏத்தினது என் தப்பு. பொழுது சாயற வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் நானே கொள்ளி வெச்சுடறேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும். தம்பி இருந்தும் வரலைன்னு ஊர் சொல்லும், அதையும் சித்திகிட்ட சொல்லிடு. காதுல வாங்கிக்கறதா இருந்தா."

போன் நின்றுவிட்டது.

அம்ருதா முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். படுத்துத் தூங்குகிறாள் என்றல்லவா அம்ருதா நினைத்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. அழுதாளா, யாருக்காக அழுதாள் என்று கேட்கிற நேரமில்லை அது.

"சன்னிதிக்குத்தானே போறே?"

அம்ருதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ அங்க போய் வாயைத் திறந்தா என்ன பேசுவா தெரியுமா? பெருமாளுக்கே இவனைப் பிடிக்கலை, மூணாம் நாளே நிறுத்திட்டார்னு பேசுவா. அண்ணா சொன்னது சரின்னு பேசுவா. உங்கப்பா திரும்ப அந்தப் படி ஏறவே மாட்டார். உனக்கு அவரைத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"நான் வாயைத் திறக்க மாட்டேம்மா."

"என் மேல ஆணை."

"உன் மேல ஆணை."

வேதவல்லி வழியை விட்டாள். விட்டிருக்கக்கூடாது என்று பின்னால் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

சன்னிதி வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தெரு வரைக்கும் கூட்டம். நாமம் போட்ட சிறுவர்கள் சொம்பைக் குலுக்கிக்கொண்டு கோவிந்தா சொன்னார்கள். அம்ருதா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு கல் படி வரைக்கும் வந்தாள். படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் நேராகப் பெருமாள் தெரிவார். பக்கத்தில், இடுப்பில் பஞ்சகச்சமும் கையில் வெள்ளி வட்டிலுமாக அப்பா தெரிவார்.

தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். நீட்டுகிற ஒவ்வொரு உள்ளங்கையிலும் உத்தரணிக் கரண்டியால் தீர்த்தம், பிறகு துளசி, பிறகு தலையில் சடாரி. அவசரமே இல்லை. எத்தனையோ வருஷமாக அவர் செய்துவருகிற வேலை போல இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, திரும்பிப் போய்விடலாமா என்று அம்ருதா நினைத்தாள். ஒரு அடி பின்னால் வைத்தும் விட்டாள்.

வரிசையில் நின்ற தெரிந்த மாமி ஒருத்தி பார்த்துவிட்டாள். ஏண்டி வெளியில நிக்கறே, உள்ள வா, அப்பா கையால தீர்த்தம் வாங்கிக்கோ என்று கூப்பிட்டாள். நாலு பேர் திரும்பினார்கள். அப்பாவும் நிமிர்ந்தார்.

அவளைப் பார்த்ததும் முதலில் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் அந்த மலர்ச்சி நடுவிலேயே நின்றுபோனது.

தூரமான பெண் சன்னிதித் தெருப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள். இவள் வந்திருக்கிறாள். அப்படியானால் அது பொய். பொய்யென்றால் இவள் படி ஏறி வரலாம். ஏறவில்லை. மாமி அத்தனை கூப்பிட்டும், கல்லோடு ஒட்டிக்கொண்ட மாதிரி படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். தன் மகள் பெருமாளை நெருங்கக்கூடாதவளாக நிற்பதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அம்ருதா வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் சொன்ன சொல் அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

அழகியமணவாளன் கையிலிருந்த உத்தரணி வட்டிலின் விளிம்பில் தட்டி மெல்லிய சத்தம் எழுப்பியது. எதிரில் கிழவர் ஒருவர் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார். அதில் அவர் தீர்த்தம் விடவில்லை. வட்டிலைக் கீழே வைத்தார். மகளை மறுபடி பார்க்கவில்லை. பெருமாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரோ ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்கிற மாதிரி தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

பிறகு கையை நீட்டித் திரையை இழுத்து மூடினார்.

கூட்டம் சலசலத்தது. சாயரட்சைக்கு அலங்காரம் மாறப்போகிறது என்றாள் மாமி. தளிகை கண்டருளப் பண்ணப் போகிறார், நைவேத்தியம்தான் என்றது இன்னொரு குரல். எதுவானாலும் முதலில் மணி அடிக்கும். திரைக்குள்ளிருந்து மணிச்சத்தம் வந்தால் அப்பா பூஜையைத் தொடர்கிறார். வராவிட்டால், சன்னிதியின் பின்புறம் கோயில் கிணற்றுப் பக்கம் திறக்கிற சின்னக் கதவு வழியாக அவர் வெளியே இறங்கிவிட்டார்.

கொள்ளிடத்துப் பக்கம் வானம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கிழவர் இன்னும் கையைக் குவித்தபடியே நின்றார். அம்ருதா திரையையே பார்த்தாள்.

மணி அடிக்கவில்லை. கதவு திறக்கிற சத்தமும் கேட்கவில்லை.